மாலை இல்லாத படம்

ஜூலை 5, புதன்

எல்லாரும் தூங்கிவிட்டார்கள். அக்காவின் படத்துக்கு முன்னால் எரிகிற சிவப்பு ஜீரோ வாட்ஸ் பல்பின் வெளிச்சத்தில் எழுதுகிறேன். எங்கள் வீட்டில் இரவு முழுக்க எரிகிற விளக்கு இது ஒன்றுதான். அணைக்கக் கூடாது என்பது சித்தப்பாவின் உத்தரவு.

காகிதம் அப்பாவின் கடையிலிருந்து எடுத்தது. கோவில்பட்டியில் படம் விற்று, பிரேம் போட்டுக் கொடுக்கிற கடை எங்களுடையது. சிவகாசியிலிருந்து வரும் சாமி படக் கட்டுகளில் சில தாள்கள் கலர் விலகி வரும். முருகனின் உதடு கன்னத்தில் இருக்கும். யாரும் வாங்க மாட்டார்கள். ஆனால் பின்பக்கம் நல்ல வெள்ளை.

முதலில் இதை எழுதிவிடுகிறேன். என் அக்கா கோமதி சாகவில்லை. படத்தில் தோற்றம், மறைவு என்று இரண்டு தேதிகள் இருக்கின்றன. மறைவு என்று போட்டிருப்பது அவள் மதியழகன் அத்தானோடு வீட்டை விட்டுப் போன தேதி. அத்தான் எங்கள் சாதி ஆள் இல்லை. மறுநாளே சித்தப்பா ஊர் முழுக்கக் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டினார். அப்பா தன் கையாலேயே பிரேம் போட்டு, மாலை மாட்டி, பல்பு வைத்தார். அதற்கு அப்புறம் இந்த வீட்டில் யாரும் அவள் பெயரைச் சொன்னதில்லை. நான் சொன்னால் பள்ளிக்கூடத்தை நிறுத்திவிடுவேன் என்று சித்தப்பா விரலை நீட்டிச் சொல்லியிருக்கிறார்.

 

இன்று ஓவிய வகுப்பில் ரெஜினா டீச்சர் ஒரு செய்தி சொன்னார். திருநெல்வேலி மியூசியத்தில் பள்ளிப் பிள்ளைகளின் ஓவியக் கண்காட்சி நடக்கப்போகிறது. தலைப்பு, 'என் வீட்டுச் சுவரில் ஒரு படம்'. வீட்டில் என்ன படம் மாட்ட ஆசையோ அதை வரைய வேண்டும். நல்ல படங்களைச் சின்னதாக அச்சடித்து, ஜனங்கள் வாங்கி வீட்டில் மாட்டுவதற்கு அங்கேயே விற்பார்களாம்.

"ஆவுடைக்கு என்ன டீச்சர், அவ கடையில இல்லாத படமா? ஒண்ண உருவிட்டு வந்துருவா" என்றாள் பின் பெஞ்சு முத்துப்பேச்சி. எல்லாரும் சிரித்தார்கள். யாரோ அவளை முழங்கையால் இடிக்கவும் சிரிப்பு சட்டென்று நின்றது. எங்கள் வீட்டுச் சுவரில் இருக்கிற படம் ஊருக்கே தெரியும்.

டீச்சர் என் தோளைத் தொட்டார். "நீ உங்க அக்காவ வரையலாமே மா. அவ நினைவா இருக்கும்."

நான் தலையை ஆட்டினேன். வரையப் போகிறேன். ஆனால் டீச்சர் நினைக்கிற மாதிரி இல்லை.

ஜூலை 8, சனி

கண்காட்சி வரைக்கும் சனிக்கிழமைதோறும் மியூசியத்தில் பயிற்சி. டீச்சர் எங்கள் வகுப்பிலிருந்து நாலு பேரை பஸ்ஸில் கூட்டிப்போனார். மற்ற மூவரும் சிலைகளுக்கு முன்னால் உட்கார்ந்து வரைந்தார்கள். நான் தாழிகள் இருக்கிற அறைக்குப் போனேன். ஆள் உயரத்துக்கு மண் தாழிகள். அந்தக் காலத்தில் செத்தவர்களை அதற்குள் வைத்துப் புதைப்பார்களாம். அங்கே துப்பட்டாவால் தலையை மூடிக்கொண்டு ஒரு பெண் நின்றாள்.

இதை எழுதலாமா? எழுதத்தான் போகிறேன். அது அக்கா.

"என்னட்டி, பேயப் பாத்த மாதிரி முழிக்க?"

"நீ பேய்தான. ஊரே அஞ்சலி செலுத்தியாச்சு."

"போஸ்டர்ல என் போட்டோ நல்லாருந்துச்சா?"

"இல்ல. மூக்கு அமுங்கியிருந்துச்சு."

"செத்தும் எனக்கு ஒரு நல்ல போட்டோ வாய்க்கல பாரு." தாழிக்குள் எட்டிப் பார்த்தாள். "இதுல ஒண்ண வாங்கிப் போட்டிருக்கலாம் ஒங்க சித்தப்பா. போஸ்டர் ஒட்டுற அலைச்சல் மிச்சம்."

இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். பிறகு அவள் என் கையைப் பிடித்தாள். விடவே இல்லை.

நான்தான் அவளை வரச் சொன்னேன். அவளுடைய நம்பர் எனக்கு மனப்பாடம். இரண்டு நாளைக்கு முன் அப்பா டீ குடிக்கப் போனபோது போனைக் கடை மேஜையிலேயே மறந்துவிட்டுப் போனார். பூட்டுக்கூடப் போடவில்லை; அதில்தான் அவளைக் கூப்பிட்டேன். அப்பாவுக்கு இப்போதெல்லாம் மறதி அதிகம்.

இன்று காலையில் பசித்தால் தின்னச் சொல்லி ஒரு பொட்டலம் கடலைமிட்டாய் கொடுத்தார். ஒரு ஆள் தின்கிற அளவா அது? பொட்டலத்தை அக்காவிடம் நீட்டினேன். வாங்கி முகர்ந்து பார்த்தாள். அப்படியே தன் பைக்குள் வைத்துக்கொண்டாள். எனக்கு ஒன்றுகூடத் தரவில்லை.

அவள் இருக்கும் ஊரை இங்கே எழுத மாட்டேன்.

ஜூலை 9, ஞாயிறு

அம்மா என் பையை உதறித் துவைத்தாள். அக்காவைப் பார்த்ததற்குத் தடயம் ஏதாவது விழுந்துவிடுமோ என்று பயந்து, அவள் முடிக்கும்வரை நான் கக்கூஸில் போய் உட்கார்ந்திருந்தேன்.

ஜூலை 14, வெள்ளி

பள்ளி விட்டதும் கடைக்குப் போனேன். புது வீடு கட்டியவர்கள் வந்திருந்தார்கள். புருஷனுக்கு ஏழு வெள்ளைக் குதிரை ஓடுகிற படம் வேண்டும். பெண்டாட்டிக்கு அருவியும் அன்னமும் வேண்டும். கூட வந்த மாமியாருக்குச் சிரிக்கிற குழந்தை.

"குழந்தப் படம் மாட்டுனாதான் குழந்தை வரும்" என்றாள் மாமியார்.

"அப்ப குதிரை மாட்டுனா குதிரை வருமா அத்தை?" என்று மருமகள் கேட்டாள். அப்பாகூட உதட்டைக் கடித்துக்கொண்டார். கடைசியில் மூன்றையும் வாங்கிப் போனார்கள்.

அவர்கள் போனதும் ஒருவர் தன் தகப்பனாரின் பாஸ்போர்ட் போட்டோவைக் கொண்டுவந்தார். பெரிதாக்கி பிரேம் போட வேண்டும். சாமிக்குத் தங்க நிறம், செத்தவர்களுக்குக் கறுப்பு அல்லது கடும் பழுப்பு. அவர் பேரம் பேசவில்லை. செத்தவர் படத்துக்கு யாரும் பேசுவதில்லை.

அப்பா பின்பலகையில் ஆணி அடிக்கும்போது நான் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். குதிரை ஓடுகிறது. குழந்தை சிரிக்கிறது. சாமி கையைத் தூக்கி ஆசீர்வாதம் பண்ணுகிறது. செத்தவர்கள் மட்டும் நேராக நம்மைப் பார்த்துக்கொண்டு, வாயை இறுக மூடிக்கொண்டு இருக்கிறார்கள். உயிரோடு இருந்தபோது பாஸ்போர்ட்டுக்கு எடுத்த முகம், செத்த பிறகும் அதே முகம்.

எப்படி வரைய வேண்டும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

அப்போது சித்தப்பாவின் கார் வந்து நின்றது. இறங்கவில்லை. கண்ணாடியை இறக்கி, "என்னட்டி, வீட்டுக்குப் போகாம இங்க என்ன வேடிக்கை?" என்றார். நான் ஓடிவிட்டேன். ஓடினதை நினைத்தால் இப்போது கோபமாக வருகிறது.

ஜூலை 15, சனி

அக்கா கடலைமிட்டாய் தின்றுகொண்டிருக்கும்போது அவளை வரைந்தேன். இந்தத் தடவையும் அப்பா பொட்டலம் கொடுத்திருந்தார், போன தடவையைவிடப் பெரிதாக.

கன்னம் ஒரு பக்கம் உப்பியிருந்தது. உதட்டு ஓரத்தில் ஒரு துணுக்கு. "ஏட்டி வரையாத, தின்னு முடிச்சிருதேன்" என்று ஒரு கையை நீட்டி மறைத்தாள். அந்தக் கையையும் சேர்த்து வரைந்தேன். செத்தவர்கள் மெல்ல மாட்டார்கள். வரையாதே என்று கையை நீட்டவும் மாட்டார்கள்.

"இத ஊரறிய மாட்டப் போறாங்க க்கா. சித்தப்பா பாப்பாரு."

அவள் மெல்லுவதை நிறுத்தினாள். பயப்படுவாள், வேண்டாம் என்பாள் என்று நினைத்தேன்.

"ஆவுடை, நான் ஒண்ணு சொல்லுதேன் கேளு. அந்தப் போஸ்டரப் பாத்தப்ப மொதல்ல எனக்குச் சிரிப்பு வந்துச்சு. அன்னிக்கு ராத்திரி ஒங்க அத்தான்தான் சொன்னாரு. செத்துப்போனான்னு ஊருக்கே சொல்லியாச்சு. இனிமே என்னைய ஒருத்தன் வெட்டிப் போட்டா, யாரு கேப்பா? செத்தவ எப்படிச் செத்தான்னு எவனாச்சும் கேப்பானா?"

நான் பென்சிலைக் கீழே வைத்துவிட்டேன்.

"அதுக்காகத்தான் சொல்லுதேன். மாட்டு. நாலு பேரு பாக்கட்டும். உயிரோட இருக்கேன்னு தெரிஞ்சாதான் எனக்குப் பாதுகாப்பு. நான் மகளிர் ஸ்டேஷன்ல மனு குடுத்திருக்கேன். கண்காட்சி ஞாயித்துக்கிழமையும் உண்டுல்லா? அன்னிக்கு நானே வந்து என் படத்துக்குப் பக்கத்துல நிப்பேன்."

தாழிகளைச் சுற்றிப் பார்க்க வந்த ஒரு குடும்பம் எங்களைத் தாண்டிப் போனது. அக்கா துப்பட்டாவை இழுத்துக்கொள்ளவில்லை.

ஜூலை 17, திங்கள்

ஆடி அமாவாசை. அம்மா அக்காவின் படத்துக்கு முன்னால் இலை போட்டாள். உளுந்தம்பருப்புச் சோறு, எள்ளுத் துவையல். சித்தப்பா வந்து நின்று பார்த்தார், இலையில் எல்லாம் சரியாக இருக்கிறதா என்று. அம்மா கண்ணாடியைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தாள். சித்தப்பா, "போதும் மதினி" என்றதும் துணியைக் கீழே வைத்தாள்.

அம்மா இந்த ஒரு வருஷத்தில் ஒரு தடவைகூட அழுது நான் பார்த்ததில்லை. கல் மனசு என்றுதான் நான் நினைத்திருக்கிறேன்.

அந்தச் சோற்றை மதியம் என்னையும் தின்னச் சொன்னார்கள். நான் வயிற்று வலி என்று சொல்லிவிட்டேன். உயிரோடு இருக்கிறவளுக்குப் போட்ட படையலை நான் தின்ன மாட்டேன்.

ஜூலை 29, சனி

படம் முடிந்தது. பின்னணிக்குத் தாழியின் செம்மண் நிறத்தையே கொடுத்தேன். பார்க்கிறவர்களுக்கு எந்த இடம் என்று தெரியாது. கன்னத்துக்கு வெயில் மாதிரி கொஞ்சம் மஞ்சள்.

ரெஜினா டீச்சர் ரொம்ப நேரம் பார்த்தார். "அச்சு அசலா இருக்கு மா. ஆனா வாய் நிறைய தின்னுட்டு இருக்கிற மாதிரி யாராவது வரைவாங்களா? வாய மூடி, லேசா சிரிச்ச மாதிரி மாத்திடேன். மரியாதையா இருக்கும்."

"மாத்த மாட்டேன் டீச்சர்."

நான் ஒரு டீச்சரிடம் மாட்டேன் என்று சொன்னது இதுதான் முதல் தடவை. டீச்சருக்கு அதிர்ச்சி. பிறகு அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "சரி மா. அவங்க அப்படித்தான் உன் மனசுல இருக்காங்க போல" என்றார்.

அவள் இதே கட்டடத்தில் ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிறாள் என்று சொல்ல வாய் வரை வந்தது; அதற்கு மேல் வரவில்லை. டீச்சர் நல்லவர்தான். ஆனால் நல்லவர்கள் பதறிப்போய் யாரிடமாவது சொல்லிவிடுவார்கள்.

ஆகஸ்ட் 5, சனி

நாலு படத்துக்கும் பிரேம் போட டீச்சர் எங்கள் கடைக்கே ஆர்டர் கொடுத்துவிட்டார். என்னிடமே சுருட்டிக் கொடுத்தனுப்பினார். வழியெல்லாம் எங்காவது தொலைத்துவிடலாமா என்று யோசித்தேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு தடவை குப்பைத்தொட்டி ஓரம் நின்றும் விட்டேன். இல்லை, தொலைக்கவில்லை.

அப்பா மற்ற மூன்றையும் பிரித்துப் பார்த்தார். ஒரு தேர், ஒரு மயில், ஒரு கப்பல். நாலாவதைப் பிரித்தார். நான் கடைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"வாயில என்ன வச்சிருக்கா?" என்றார்.

"கடலைமிட்டாய்."

அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார். "இது மாட்டுனா என்னாகும்னு தெரியுமா ஒனக்கு? அவ போன மறுநாள் ராத்திரி ரெண்டு கார்ல ஆளுக வந்து நம்ம வாசல்ல நின்னாவ. அரிவாள் எல்லாம் இருந்துச்சு. ஒஞ்சித்தப்பன் வண்டிய எடுன்னுட்டான். நான் கடையத் தொறந்து, அவ போட்டோவ எடுத்து, பிரேம் போட்டு, மாலையோட கொண்டாந்து நடு வீட்டுல மாட்டுனேன். எனக்கு அவ செத்துட்டா, இனிமே யாரத் தேடிப் போறீகன்னு கேட்டேன். வண்டி திரும்பிருச்சு. அந்தப் படத்தாலதான் அவ இன்னிக்கு..."



எனக்கு இது தெரியாது. ஒரு வருஷமாக நான் அப்பாவோடு சரியாகப் பேசியதில்லை. ஆனாலும் அந்த நேரத்தில் எனக்கு இரக்கம் வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. "செத்தவள வெட்டிப் போட்டா யாருப்பா கேப்பா?" என்று கத்திவிட்டேன். "உயிரோட இருக்கான்னு நாலு பேருக்குத் தெரிஞ்சாதான அவளுக்குப் பாதுகாப்பு?"

அப்பா நிமிர்ந்தார். "இது அவ சொன்னதா?"

என் வாயிலிருந்து தவறி விழுந்துவிட்டது என்று அப்போதுதான் புரிந்தது. "நானா சொன்னேன்" என்றேன்.  அவ்வளவுதான், போன், பஸ், சனிக்கிழமை எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன்.

அப்பா எழுந்து பிரேம் கட்டைகள் சாத்தியிருக்கிற மூலைக்குப் போனார். கறுப்பைத் தொட்டார். விட்டுவிட்டார். பழுப்பைத் தள்ளினார். கடைசியில் குழந்தைப் படங்களுக்குப் போடுகிற வெளிர் மஞ்சள் கட்டையை எடுத்தார்.

"கண்ணாடி போடவா, வேண்டாமா?"

"வேண்டாம்."

அறுக்கத் தொடங்கினார். பாதியில், என்னைப் பார்க்காமலே, "ஞாயித்துக்கிழமையும் மியூசியம் தொறந்திருக்குமா?" என்று கேட்டார்.

"தொறந்திருக்கும்."

"சரி."

எதற்குக் கேட்டார் என்று தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை கடைக்கு லீவு என்பதாலோ என்னவோ.

ஆகஸ்ட் 11, வெள்ளி

நாளைக்குத் திறப்பு. தூக்கம் வரவில்லை. சித்தப்பாவும் வருகிறாராம். எங்கள் குடும்பத்துப் பிள்ளை வரைந்த படத்தை மியூசியத்தில் மாட்டுகிறார்கள் என்று யாரோ சொல்லி, பெருமையாக வருகிறார். என்ன படம் என்று அவருக்கு இன்னும் தெரியாது.

ஆகஸ்ட் 12, சனி

நடந்ததை வரிசையாக எழுத வேண்டும். கை இன்னும் வலிக்கிறது. சித்தப்பா பிடித்த இடம்.

காலையில் மண்டபத்துக்குள் நுழைந்தோம். அப்பா, சித்தப்பா, நான். அம்மாவை சித்தப்பா வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். சுவர் முழுக்கப் படங்கள், ஜனங்கள், மியூசியத்தின் பெண் அதிகாரி ஒருவர், ரெஜினா டீச்சர் பட்டுச் சேலையில். சித்தப்பா என் படத்தைப் பார்த்தால் என்ன சொல்வார், நான் என்ன பதில் சொல்வேன் என்று ராத்திரியெல்லாம் மனசுக்குள் சொல்லிப் பார்த்திருந்தேன்.

என் படத்தின் முன்னால் போய் நின்றதும் எல்லாம் மறந்துவிட்டது.

படத்துக்கு மாலை போட்டிருந்தது. நல்ல அடர்த்தியான ரோஜா மாலை. பிரேமின் மேலே நடுவில் ஒரு சந்தனப் பொட்டு, அதில் குங்குமம்.

ரெஜினா டீச்சர் ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டார். "காலையில நானே பூக்கடைக்குப் போய்க் கட்டி வாங்கிட்டு வந்தேன் மா. அக்காவுக்கு மாலை இல்லாம மாட்ட எனக்கு மனசு கேக்கல."

டீச்சர் மேல் எனக்குக் கோபம் இல்லை. போஸ்டரைப் பார்த்த யாரும் அதைத்தான் செய்திருப்பார்கள். ஆனால் உப்பிய கன்னம், உதட்டுத் துணுக்கு, நீட்டிய கை, எல்லாவற்றுக்கும் மேலே அந்த மாலை விழுந்ததும், அக்கா மறுபடியும் செத்துப் போயிருந்தாள்.

சித்தப்பா பக்கத்தில் வந்தார். பார்த்தார்.  அவர் கையெடுத்துக் கும்பிட்டார். என் தலையில் கை வைத்தார்.

"நல்லாருக்குட்டி. அக்காவுக்கு மரியாதை பண்ணிட்ட. நம்ம குடும்பத்து மானத்தக் காப்பாத்திட்ட."

அவர் என்னிடம் இவ்வளவு அன்பாகப் பேசியதே இல்லை. எல்லாரும் என்னைப் பாவமாகப் பார்த்தார்கள். அதிகாரி அம்மாகூட, "பாவம், சின்ன வயசு" என்றார். நான் சும்மா நின்றால் போதும். யாருக்கும் கோபம் இல்லை. படிப்பும் நிற்காது. பரிசுகூடக் கிடைக்கும்.

அந்தச் சுகம்தான் எனக்குத் தாங்கவில்லை.

படம் உயரத்தில் இருந்தது. பக்கத்தில் காவலாளியின் நாற்காலி கிடந்தது. இழுத்துப் போட்டு ஏறினேன். மாலையைப் பிடித்து இழுத்தேன். நார் அறுந்து பூவெல்லாம் தரையில் கொட்டியது. பொட்டைத் தாவணி முனையால் துடைத்தேன்.

"ஏய், என்ன பண்ற?" என்று யாரோ கத்தினார்கள்.

நாற்காலியிலிருந்து இறங்காமலே சொன்னேன். ராத்திரி சொல்லிப் பார்த்தது ஒன்றும் வரவில்லை. வேறு என்னமோ வந்தது. "இது எங்க அக்கா கோமதி. சாகல. போஸ்டர் பொய். வீட்டுல இருக்கிற படமும் பொய். அவ கடலைமிட்டாய் தின்னுட்டு இருக்கா, தெரியலையா? நான் நேர்ல பாத்து வரைஞ்சேன்."

 சித்தப்பா என் கையைப் பிடித்துக் கீழே இழுத்தார். சிரித்துக்கொண்டே இழுத்தார். "புள்ளைக்கு அக்கா போனதுல இருந்து மனசு சரியில்லீங்க. தப்பா எடுத்துக்காதீக."

"எனக்கு மனசு நல்லாத்தான் இருக்கு. சந்தேகம்னா நாளைக்கு வாங்க. அவளே வருவா."

சொன்ன பிறகுதான் நாளைக்கு என்று சொல்லிவிட்டேனே என்று உறைத்தது.  ஆனால் இனிமேல் அதை மறைக்கவும் வழியில்லை.

அதிகாரி அம்மா என்னையும் படத்தையும் சித்தப்பாவையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு காவலாளியிடம், "உயிரோட இருக்கிறவங்க படத்துக்கு எதுக்குப் பூ? அதெல்லாம் கூட்டிப் பெருக்கிடுங்க" என்றார். அவ்வளவுதான். ரெஜினா டீச்சர் வாயில் கையை வைத்துக்கொண்டு சுவரில் சாய்ந்து நின்றார்.

"அண்ணே, என்ன மரம் மாதிரி நிக்கீக? ஒங்க புள்ள பேசுனதக் கேட்டீகல்ல?" என்றார் சித்தப்பா.

அப்பா கீழே குனிந்து, காவலாளியோடு சேர்ந்து பூக்களைப் பொறுக்கினார். இரண்டு கையிலும் அள்ளிக்கொண்டு வெளியே போனார். எனக்காக ஒரு வார்த்தை பேசவில்லை. அதை நான் மறக்க மாட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் சித்தப்பா வாசலில் நின்று போன் பண்ணிக்கொண்டே இருந்தார். யாருக்கு என்று தெரியவில்லை. "நாளைக்கு", "மியூசியம்" என்ற இரண்டு வார்த்தைகள் மட்டும் காதில் விழுந்தன. அப்பாவின் போனில் அக்காவைக் கூப்பிட்டு எல்லாம் சொன்னேன். கடை மேஜையில் தேடிப்போக வேண்டியிருக்கவில்லை. அப்பாவே என் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போயிருந்தார்.

"வராத க்கா. அவருக்குத் தெரிஞ்சு போச்சு."

"தெரியணும்னுதான வாறேன்" என்றாள் அக்கா. "படுத்துத் தூங்கு."

அம்மாவுக்கு யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அடுக்களையில் பாத்திரம் விழுகிற சத்தம் வெகுநேரம் கேட்டது.

ஆகஸ்ட் 13, ஞாயிறு

காலையில் எழுந்தபோது அப்பாவும் அம்மாவும் கிளம்பி நின்றார்கள். அம்மா மாம்பழக் கலர் சேலை கட்டியிருந்தாள். ஒரு வருஷமாக அவள் வெள்ளையும் சாம்பலும் தவிர வேறு கட்டியதில்லை. யாரும் எங்கே என்று சொல்லவில்லை. பஸ்ஸில் திருநெல்வேலிக்கு என்று அப்பா டிக்கெட் கேட்டபோதுதான் தெரிந்தது.

மியூசிய வாசலில் சித்தப்பாவின் கார் நின்றது. காருக்குள்ளே அவரும் இரண்டு ஆட்களும் இருந்தார்கள். நான் அங்கேயே நின்றுவிட்டேன். அப்பா என் முதுகில் கை வைத்துத் தள்ளிக்கொண்டே உள்ளே கூட்டிப்போனார். பிறகு மண்டபத்தின் கதவுக்குத் திரும்பிப் போய் நிலையில் நின்றுகொண்டார். உள்ளே வருகிறவர்கள் அவரைச் சுற்றிக்கொண்டுதான் வர வேண்டியிருந்தது. எதற்கு இப்படி வழியில் நிற்கிறார் என்று எரிச்சலாக இருந்தது.

அம்மா என் படத்தின் முன்னால் நின்றாள்.  சுற்றிலும் நல்ல கூட்டம். நேற்று நடந்தது பரவியிருக்க வேண்டும். பலர் என் படத்துக்குத்தான் நேராக வந்தார்கள். சிலர் போனில் எடுத்தார்கள்.

தாழி அறைப் பக்கமிருந்து அக்கா வந்தாள். பக்கத்தில் மதியழகன் அத்தான். பின்னால் மகளிர் ஸ்டேஷனிலிருந்து ஒரு போலீஸ்காரம்மா. அவர் முதலில் படத்தைப் பார்த்தார், பிறகு அக்காவைப் பார்த்தார்.

"நீதானம்மா அந்தச் செத்துப்போன கேசு?"

"ஆமா மேடம். நான்தான்" என்றாள் அக்கா.

கூட்டம் விலகியது. அம்மா திரும்பினாள். அம்மாவும் அக்காவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அம்மா அழுவாள், கட்டிக்கொள்வாள், மயங்கிக்கூட விழுவாள் என்று நான் பிடிக்கத் தயாராக நின்றேன்.

அம்மா அக்காவின் காலைப் பார்த்தாள்.

"ஏட்டி, செருப்ப ஏன்ட்டி இப்படித் தரையில இழுத்துக்கிட்டு நடக்க?"

அக்கா குனிந்து தன் செருப்பைப் பார்த்தாள்.

"கேக்குதேன்ல? வாரு அறுந்தா தச்சுப் போட மாட்டியோ? வெயில்ல சுத்திச் சுத்தி கரிக்கட்டையா வந்து நிக்க. கண்ணு ரெண்டும் உள்ள போயிருக்கு. சோறு வடிக்கியா, இல்ல புரோட்டாவத் தின்னே பொழுத ஓட்டுதியா? இந்தா நிக்காரே, இவரும் கேக்க மாட்டாரோ?"

அத்தான் ஓரடி பின்னால் போனார். "இல்ல அத்தை, நான்..."

"நீங்க பேசாதீக! ஏட்டி, பெத்தவளுக்கு ஒரு போன் போட ஒனக்குக் கை இல்லியா? விளங்காதவளே!"

குரல் ஏறிக்கொண்டே போனது. அம்மாவுக்கு இவ்வளவு குரல் உண்டு என்பதே எனக்கு மறந்து போயிருந்தது.

கதவுக்கு அந்தப் பக்கமிருந்து, அப்பாவின் தோளுக்கு மேலாக, சித்தப்பா கத்தினார். "மதினி! யாருகிட்ட பேசுதீக? அவ செத்து வருசம் ஒண்ணாச்சு!"

அம்மா அவர் பக்கம் திரும்பினாள்.

"செத்தவள எவளாச்சும் வைவாளா வேல்சாமி? நான் வையுதேன். ஒனக்குக் காது கேக்கலையா? இன்னும் சத்தமா வையணுமா?"

அம்மா சித்தப்பாவைப் பேர் சொல்லி நான் கேட்டதே இல்லை. சித்தப்பா உள்ளே வரப் பார்த்தார். அப்பா நகரவில்லை. அப்பா ஒன்றும் செய்யவும் இல்லை. சும்மா அங்கேயே நின்றார். சித்தப்பா இடதுபக்கம் வந்தால் அவரும் இடதுபக்கம், வலதுபக்கம் வந்தால் வலதுபக்கம். போலீஸ்காரம்மா மெதுவாக அவர்களை நோக்கி நடந்தார். "அண்ணாச்சி பேரு என்ன? ஊரு? கார்ல இருக்கிற மத்தவங்களையும் கொஞ்சம் இறங்கி வரச் சொல்றீங்களா? சும்மா தெரிஞ்சுக்கிடத்தான்."

அம்மா அதையெல்லாம் கவனிக்கவே இல்லை. மறுபடியும் அக்காவிடம் திரும்பி, முதலிலிருந்து ஆரம்பித்தாள். தலைக்கு எண்ணெய் வைக்காதது, நகத்தில் அழுக்கு, சின்ன வயசில் பால் குடிக்க அடம் பிடித்தது வரைக்கும். அக்கா அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் நின்றாள். போனை நீட்டிப் படம் எடுக்கிறவர்களைப் பார்த்து அவளுக்கே வெட்கமாகிவிட்டது.

"எம்மா, போதும்மா. ஆளுக எல்லாம் பாக்காவ."

"பாக்கட்டும்!" என்றாள் அம்மா, அக்காவின் இரண்டு தோளையும் பிடித்துக் கூட்டத்தின் பக்கம் திருப்பி. "நல்லாப் பாக்கட்டும்!"